உங்க பக்கம் பிரேக் இருக்கா?

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளைப் பைலட் என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் பொய்ப் பெயர் இல்லை. அவளிடம் உண்மையிலேயே விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டலாம் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த லைசென்ஸ். இருந்த ஒரே மனையை விற்று அப்பா படிக்க வைத்தார். படித்து முடித்து வெளியே வந்தால் விமானக் கம்பெனிகள் ஆளெடுப்பதை நிறுத்தியிருந்தன. மறுபடி எடுக்க ஆரம்பித்தபோது இவளைவிட இளையவர்களாக, பெரிய விமானத்துக்கான தனிப் பயிற்சியையும் சொந்தக் காசில் முடித்தவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று அவளே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள். அவளுக்கு வாய்த்த கழுதை, கூரையில் மஞ்சள் பலகை மாட்டிய ஒரு சின்னக் கார்.

அந்தக் காரில் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்வார்கள். அவள் பக்கத்து சீட்டில். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. புதிதாக வருகிற ஒவ்வொருவரும், ரிட்டயரானவரோ காலேஜ் பெண்ணோ, சீட்டில் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி அதுதான்: “மேடம், உங்க பக்கம் பிரேக் இருக்கா?” சிலர் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியையே வாங்குவார்கள்.

“இருக்கு. உங்க உயிரைவிட என் உயிர் எனக்கு முக்கியம்” என்பாள் அவள். எத்தனை ஆயிரம் தடவை சொன்ன பதிலோ. சொல்லும்போதே வலது கால் தானாகப் போய் அந்தப் பிரேக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தூக்கத்தில்கூட அந்தக் கால் மிதிக்கிறது என்று புருஷன் புகார் சொல்வான்.

லைசென்ஸ் என்பது ஒரு தடவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற சாமான் இல்லை. வருஷா வருஷம் டாக்டரிடம் போய்க் கண்ணையும் காதையும் காட்ட வேண்டும். சில மணி நேரமாவது சொந்தக் காசில் விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் செத்துப் போகும். அவளும் விடாமல் பறந்துவந்தாள், உடுத்தாத துணிக்குச் சலவைக் கூலி கொடுக்கிற மாதிரி. வீட்டில் எண்ணெய் வாங்கும்போதெல்லாம் விலை பார்க்கிறவள், வருஷத்துக்கு ஒரு முறை வானத்தில் காசை எரித்துவிட்டு வருவாள். வந்து இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

இதற்கெல்லாம் விடிவாக அவள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பயிற்சிப் பள்ளிகளில் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. காசு கொடுத்துப் பறக்கிற நிலைமை போய், காசு வாங்கிக்கொண்டு பறக்கலாம். தவிர, கற்றுக்கொடுப்பது அவளுக்கு நன்றாக வரும். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாமல் வந்தவர்களைப் பாலத்தின் மேல் நெரிசலில் ஓட்ட வைத்திருக்கிறாள். ஆனால் பைலட் லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொடுக்கிற தனிப் பயிற்சி ஒன்று இருக்கிறது, அதை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். அதற்கு ஒரு தொகை வேண்டும்.

தொகை ஒன்று இருந்தது, இல்லாமலில்லை. ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். வீட்டு அட்வான்ஸ். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடியிருந்தது புருஷனின் அண்ணன் வீட்டில், ஒரே ஓர் அறையில். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் காலையில் குளியலறைக்கு வரிசை நிற்க வேண்டும், பிரிட்ஜில் கீழ்த்தட்டு மட்டும்தான் இவர்களுக்கு, சிரித்தால்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அண்ணன் மகன் வேறு தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். அவன் ஹாலில் விளக்கைப் போட்டுப் படிக்கும்போதெல்லாம், இவர்கள் இருக்கிற அறை அவனுடையது என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். தனி வீடு பார்த்துப் போக வேண்டும் என்றுதான் அவளும் அவனும் அந்தத் தொகையைச் சேர்த்தார்கள்.

புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். அதிகம் பேசுகிறவன் இல்லை. பழுதான பிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரையே எடுப்பான். அவள் விஷயத்தைச் சொன்னபோதும் அப்படித்தான் கடைசி வரைக்கும் கேட்டான். நாலாம் நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னான்:

“எடுத்துக்க. ஆனா ஒரு தடவதான். ரெண்டாவது தடவைக்கு நம்மகிட்ட எதுவும் கிடையாது.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது பள்ளி தேடும் படலம். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதுகூட இவ்வளவு எரிச்சலாக இருக்காது. வரனிடமாவது சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்வான். இந்தப் பள்ளிகளிடம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால், “மேடம், உங்க பட்ஜெட் என்ன?” என்று திருப்பிக் கேட்டார்கள். போனில் ஒருவர் பேசுவார், அடுத்தவரிடம் கொடுப்பார், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், நடுவில் சங்கீதம் ஓடும். சங்கீதம் முடிந்ததும் லைன் கட்டாகும். மறுபடி போட்டால் முதலில் பேசினவரே எடுத்து, “சொல்லுங்க மேடம், என்ன விஷயமா கூப்பிட்டீங்க?” என்பார்.

முதலில் பார்த்தது கண்ணாடிக் கட்டடப் பள்ளி. வாசலிலேயே ஏசி. உட்கார்ந்ததும் காபி வந்தது. சீருடை போட்ட ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வந்து படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். விமானங்கள் எல்லாம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தன. கடைசிப் படத்தில் ஃபீஸ் இருந்தது. பைலட் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

இரண்டாவது பள்ளி நடுத்தரம். கட்டடமும் நடுத்தரம், சொன்ன விலையும் கேட்கிற மாதிரி இருந்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. பிறகு அந்த விலையில் பெட்ரோல் சேராது என்றார்கள். இறங்குகிற ஒவ்வொரு முறைக்கும் ஓடுபாதைக் கட்டணம் தனி என்றார்கள். வகுப்பறைப் பாடம் தனி, தேர்வாளருக்குக் கொடுப்பது தனி, மழையால் பறக்க முடியாமல் போனால் அந்த நாளும் கணக்கில் ஏறும் என்றார்கள். சட்டைக்கு விலை சொல்லிவிட்டு, கை தனி, காலர் தனி, பட்டன் தனி என்கிற தையல்காரரை அவள் அதுவரை பார்த்ததில்லை. “நான் ஏறி உட்கார சீட்டாவது இதுல சேருமா?” என்று கேட்டாள். அங்கிருந்தவர் அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

நடுவில் ஒரு பள்ளி, விமானமே வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம் என்று தினமும் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் அந்த நம்பரைத் திட்டி ஒரு மெசேஜ் போட்டாள். அதற்கும், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

மூன்றாவது பள்ளியைப் பற்றி ஒரு பழைய சினேகிதி சொன்னாள். அரை நாள் பஸ் பயணம். நகரமெல்லாம் முடிந்து, குடோன்களும் முடிந்து, அதற்கு அப்பால் ஒரு புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஓடுபாதை. ஒரே தொகை, எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தொகையும் வீட்டு அட்வான்ஸும் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. இத்தனை வருஷம் அடிபட்டவள் ஆயிற்றே, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவாளா? நேரில் வந்து விமானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன் என்றாள். தாராளமாக வாங்க என்றார் மேனேஜர்.

மேனேஜர் சாதுவான மனிதர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். கொட்டகையில் இரண்டு விமானங்கள் நின்றன. ஒன்றின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது, மூக்கில் எஞ்சின் இல்லை. அது சர்வீஸில் இருக்கிறது, வந்துவிடும் என்றார். மற்றதுதான் ஓடுகிற விமானம். நாலு சீட், வெள்ளை உடம்பில் நீலக் கோடு, வயதானது, ஆனால் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு அவள் அந்த விமானத்தை என்ன பாடு படுத்தினாள் என்று மேனேஜரைக் கேட்டால் தெரியும். டாங்கிலிருந்து பெட்ரோலைச் சின்ன பாட்டிலில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். டயரைத் தடவினாள், இறக்கையின் கீல் ஒவ்வொன்றையும் ஆட்டினாள், எஞ்சினைக் கடைசியாக எப்போது பிரித்தீர்கள் என்று குடைந்தாள். மேனேஜர் மரியாதையாக இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். விமானி உட்காருவது இடப்பக்கம்தானே. அவள் ஏறி உட்கார்ந்து, சீட்டை முன்னே தள்ளி, கால்களை மிதிகளில் வைத்து, நுனியை அழுத்திப் பார்த்தாள். விமானத்தில் பிரேக் அங்கேதான் இருக்கும், கால் மிதியின் நுனியில். கல் மாதிரி கெட்டியாக நின்றது. ரேடியோ, கருவிகள், விளக்கு எல்லாம் சரி. அவ்வளவு நேரமும் அவளுடைய கைப்பை வலப்பக்க சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அந்த சீட்டைச் சோதித்தது அந்தக் கைப்பை மட்டும்தான்.

திருப்தியாக இறங்கினாள். பணத்தைக் கட்டினாள். கட்டிய பணம் எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படாது என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள். டிரைவிங் ஸ்கூல் ஓனர் லீவு கொடுக்க மூக்கால் அழுதார். ஒரு மாசம் இடத்தை வைத்திருப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. மனசுக்குள் அந்த மஞ்சள் பலகைக்கு ஏற்கெனவே டாட்டா காட்டியிருந்தாள்.

பயிற்சியின் முதல் நாள் அந்தப் பள்ளியின் வாத்தியார் வந்தார். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். தலை முழுக்க வெள்ளை, குரல் மட்டும் வெண்கலம். “இன்னிக்கு நான் மாணவன், நீங்க டீச்சர். போய் வலது பக்கம் உட்காருங்க” என்றார். விமானத்தில் சொல்லிக்கொடுப்பவரின் இடம் அது. அவள் வாழ்க்கையில் முதல் முறையாக விமானத்தின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

ஏறினதும் உலகமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிவிட்டது. இத்தனை வருஷம் இடது கையால் பிடித்த ஸ்டீயரிங்கை வலது கையால் பிடிக்க வேண்டும், வலது கையால் தள்ளின வேகக் குமிழை இடது கையால் தள்ள வேண்டும். கருவிகள் எல்லாம் தூரமாக, சாய்வாகத் தெரிந்தன. அதெல்லாம் பழகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். கேப்டன் எஞ்சினைக் கிளப்பினார். பிறகு மோசமான மாணவன் மாதிரி நடிக்க ஆரம்பித்தார். பராக்குப் பார்த்துக்கொண்டே பிரேக்கை விட்டார். விமானம் கொட்டகைக் கம்பத்தைப் பார்த்து உருள ஆரம்பித்தது.

அவள் யோசிக்கவில்லை. அவள் கால் யோசித்தது. மஞ்சள் பலகைக் காரில் தினமும் போகிற மாதிரியே போய் மிதியின் நுனியை ஓங்கி அழுத்தியது. அங்கே ஒன்றுமில்லை. படிக்கட்டு முடிந்தது தெரியாமல் இன்னொரு படி இருக்கும் என்று காலை வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. விமானம் பாட்டுக்கு உருண்டது. கேப்டன்தான் தன் பக்கம் மிதித்து நிறுத்தினார்.

“அந்தப் பக்கம் பிரேக் இல்லம்மா” என்றார் சிரித்துக்கொண்டே.

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல. இந்த மாடல்ல அதைத் தனியா காசு கொடுத்து வாங்கணும். வாங்கின மகராசன் வாங்கல. பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறப்போ எனக்கு வாய்தான் பிரேக். ஒரு அதட்டல் போட்டா நின்னுடும்.”

“தேர்வுக்கு?”

கேப்டன் சிரிப்பதை நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார். தேர்வில் அவள் வலப்பக்கம் உட்கார வேண்டும், அந்தப் பக்கம் பிரேக் இல்லாத விமானத்தில் எந்தத் தேர்வாளரும் ஏற மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேர்வுக்கு மற்ற விமானத்தைத்தான் கொண்டுபோவோம் என்றார். தார்ப்பாய் போர்த்தியிருக்கிறதே, அது எப்போது வரும் என்று கேட்டாள்.

“நான் இங்க சேர்ந்ததுலேருந்து வந்துட்டுதாம்மா இருக்கு” என்றார் கேப்டன். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

மேனேஜருக்கு நன்றாக வந்தது. எஞ்சின் கப்பலில் இருக்கிறது என்றார். அடுத்த மாசம் என்றார். அவள் குரலை உயர்த்தினதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு பள்ளியின் விமானத்தை வாடகைக்கு எடுத்துத் தேர்வுக்குப் போகலாம் என்று வழி சொன்னார். அந்த வாடகை இவளுடையது. தேர்வுக்கு முன்னால் அந்த விமானத்தில் பழக வேண்டிய மணி நேரத்துக்கான செலவும் இவளுடையது. கூட்டிப் பார்த்தால் கண்ணாடிக் கட்டடத்தின் கடைசிப் படத்தைத் தாண்டிப் போனது. மலிவு மலிவு என்று தேடி வந்து, எல்லாவற்றையும்விட அதிக விலையில் வந்து நின்றிருந்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். அவர் அவளுடைய கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

“விமானத்தைக் காட்டறப்போ நீங்க சொல்லியிருக்க வேண்டாமா?”

“நீங்க கேட்கவே இல்லையே மேடம்” என்றார் மேனேஜர். உண்மையான ஆச்சரியத்தோடுதான் சொன்னார். “கீலுகூட விடாம எல்லாத்தையும் கேட்டீங்க. தெரிஞ்சவங்க, வேண்டாம்னுதான் விட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்.”

அவள் நாள் முழுக்க அந்த அறையில் கதவோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர் போகிறவரெல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். சாயங்காலம் மேனேஜர் இறங்கி வந்தார். பணமாகத் தர முடியாது, கட்டிய தொகைக்கு ஈடாக அந்த விமானத்தில் பறந்துகொள்ளலாம், மழைக்காலம் ஆரம்பிக்கிற வரைக்கும் செல்லும் என்றார். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து. “எங்க வேணும்னாலும் பறங்க மேடம்” என்றார், ஏதோ சொத்து எழுதிக் கொடுக்கிற மாதிரி.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அவள் காலும் தரையை மிதித்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்தக் காலை வெட்டிப் போடலாம் போலிருந்தது. மேனேஜர் மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. தன் மேல் இருந்தது தீரவில்லை. வண்டியில் ஏறினதும் கால் எங்கே இருக்கிறது, பிரேக் எங்கே இருக்கிறது பாருங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். கியர் எது என்று தெரியாதவன்கூடக் கேட்கிற கேள்வி. அதை, பைலட் என்று பெயர் வைத்துக்கொண்டவள் கேட்கவில்லை.

புருஷன் எல்லாவற்றையும் கேட்டான். கையில் கிரீஸ் இருந்தது, கழுவக்கூடப் போகவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“தினமும் கால் வைக்கிற பிரேக்கையா பார்க்காம விட்ட?”

குத்திக் காட்டுகிற குரல் இல்லை, புரியாமல் கேட்கிற குரல்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் பதிலுக்கு அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள், இரண்டு நாளில் ஆறியிருக்கும். அவன் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து படுத்துவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் அண்ணி குளியலறை வரிசையில் அவளை முன்னால் போகச் சொன்னாள். அந்த இரக்கம் அவளுக்கு அடியை விட வலித்தது.

டிரைவிங் ஸ்கூலில் இடம் அப்படியே இருந்தது. என்ன பைலட், அதற்குள் இறங்கியாச்சா என்றார் ஓனர். மஞ்சள் பலகை அவளைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. அன்றைக்கு வந்தவர் ஒரு பேங்க் ஊழியர், புதுக் கார் வாங்கியவர். உட்கார்ந்தார், பெல்ட் போட்டார், கேட்டார்: “மேடம், உங்க பக்கம் பிரேக் இருக்கா?”

அவளுக்குப் பழைய பதில் வாயில் வரவில்லை. “இறங்குங்க” என்றாள். மனிதர் பயந்துபோய் இறங்கினார். அவரைத் தன் சீட்டில் உட்கார வைத்து, பிரேக்கில் காலை வைத்து அழுத்தச் சொன்னாள். நான் சொல்றதை நம்பாதீங்க, நீங்களே மிதிச்சுப் பாருங்க என்றாள். அவர் மிதித்தார். பிரேக் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது மேடம் என்றார் ரொம்பப் பணிவாக. அதற்குப் பிறகு புதிதாக வந்த எல்லோரையும் அப்படித்தான் செய்ய வைத்தாள். ஆளாளுக்கு சீட் மாறி உட்கார வைத்தே பாதி நேரம் போகிறது என்று ஓனர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

பறக்க வேண்டிய மணி நேரமெல்லாம் அங்கே கிடந்தது. அவள் போகவில்லை. வீட்டு அட்வான்ஸை எடுத்துக்கொண்டு போய் வானத்தில் சும்மா சுற்றுவதா என்று ஒரு வீம்பு. மழைக்காலம் நெருங்கினது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். காசு கொடுத்ததுதானே, எதற்கு வீணாக்க வேண்டும், நானும் வருகிறேன் என்றான். அவன் அதுவரை விமானத்தில் ஏறினவன் இல்லை. அவளும் கூப்பிட்டதில்லை. ஒரு சீட்டுக்கான வாடகையே மூச்சு முட்டியபோது இன்னொருவரை எங்கே கூப்பிடுவது.

கொட்டகையில் கேப்டன் அவனுக்குக் கை கொடுத்தார். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார். தார்ப்பாய் போர்த்திய விமானம் தார்ப்பாயோடு நின்றது. அவள் இடப்பக்கம் ஏறினாள், அவன் வலப்பக்கம் ஏறி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். மேலே போனதும் கீழே குடோன்களின் தகரக் கூரைகள் தெரிந்தன, பிறகு பஸ் வந்த சாலை, பிறகு நகரத்தின் ஓரம். அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு அந்த அழகின் மேலேயே கோபம் வந்தது. இரண்டு அறையும் ஒரு சமையலறையும் தனிக் குளியலறையும் பெட்ரோலாக எரிந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றியது.

இறங்கினார்கள். ஓடுபாதையைத் தொட்டு, வேகம் குறைந்து, கொட்டகைக்கு வந்து நின்றது விமானம். எஞ்சினை அணைத்தாள். அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னங்க, பயந்துட்டீங்களா?”

“கால் வலிக்குது” என்றான். “ரோடு மாதிரி இருக்கே, அது கிட்ட வந்ததுலேருந்து தரையை மிதிச்சுட்டே இருந்தேன். ஒண்ணும் இல்லன்னு தெரியும். இருந்தாலும் மிதிச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை.

“நீ யார்கிட்ட பேசிட்டு வந்த?”

“நான் எங்க பேசினேன்?”

“ஏறினதுலேருந்து பேசிட்டுதான் வந்த. இப்போ மூக்கை மெல்லத் தூக்கறேன் பாருங்க, இப்போ வேகத்தைக் குறைக்கறேன், சத்தம் மாறுது கேளுங்கன்னு. நானும் காதை வெச்சுக் கேட்டேன். மாறிச்சு. கடைசியில எனக்கே ஓட்டத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு.”

அவள் பேசினது அவளுக்கே தெரியாது. டிரைவிங் ஸ்கூல் பழக்கம், பக்கத்தில் ஆள் இருந்தால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போகும்.

“அண்ணன்கிட்ட பேசிட்டேன்” என்றான் அவன், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. “இன்னும் ரெண்டு மூணு வருஷம் அந்த ரூம்லயே இருந்துக்கறோம்னு சொல்லிட்டேன். பையனுக்கு மாடியில ஷெட் போட்டுக் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கேன், நானே போட்டுடுவேன். மறுபடி சேர்ப்போம்.”

“ஒரு தடவதான்னு சொன்னீங்களே.”

“சொன்னேன். அப்போ நீ ஓட்டி நான் பார்த்ததில்லையே.”

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. இன்னும் மூன்று வருஷம் அந்தக் குளியலறை வரிசை, அந்தக் கீழ்த்தட்டு, அந்தச் சுவர். இன்னும் மூன்று வருஷம் மஞ்சள் பலகை. ஒரே ஒரு தடவை மூக்கைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்திருந்தால், இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்து இப்படி ஒரு பேச்சைப் பேச வேண்டியதே இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அவன் பிரிட்ஜ் முதுகில் காது வைத்துக் கேட்கிற மாதிரி, ஓயட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“அடுத்த தடவை பள்ளிக்கூடம் பார்க்கப் போறப்போ நானும் வர்றேன்” என்றான் அவள் மூக்கைத் துடைத்ததும். “எஞ்சின், டயரு, அதெல்லாம் நீ பார்த்துக்க. இந்த சீட்டை நான் பார்த்துக்கறேன்.”

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். அவனும் பெல்ட்டைக் கழற்றினான். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து தன் காலடியைப் பார்த்தான்.